பவழத் தொட்டியில் இணை மீன்கள்

பவழத் தொட்டிக்கு மீன் தெரிந்தெடுப்போர் பெரும்பாலும் நிறத்தையே நோக்குகின்றனர். கடலில் சண்டையில் தோற்ற மீன் ஓடி ஒளியும். தொட்டியில் அதற்கு இடமில்லை, மடிந்தே போகும்.

கோமாளி மீனை எடுத்துக்கொள்வோம். இதன் குஞ்சுகளில் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறும். அதற்கு அடுத்தது ஆணாக இணை சேரும். ஏனையவை வளர்ச்சி குன்றி நிற்கும். பெண் இறந்தால் அவ்வாணே பெண்ணாகிவிடும். ஆனால், பெண்ணானது மீண்டும் ஆணாவதில்லை. ஆகவே வளர்ந்த மீன்கள் இரண்டை வாங்கி ஒன்றாய் விடுதல் தவறு. இரண்டும் பெண்ணாயின் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடக்கூடும். ஒரே இனத்தில், அளவில் வேறுபட்ட இரு குஞ்சுகளை விடுதலே தக்க முறை. இணை தானே அமையும். சிறு குஞ்சுகளில் 'ஆண் ஒன்று, பெண் ஒன்று' எனப் பொறுக்கித் தருவதாகக் கூறும் வணிகரின் சொல் பொருளற்றது. மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இம்மீன்களைத் தொட்டியிலேயே இனம் பெருக்கியுள்ளனர்.

ஆந்தியாஸ் மீன்களில் முறை தலைகீழானது. அவை முதலில் பெண்ணாகவே முதிர்கின்றன. ஆண் மறைந்தால் பெரிய பெண்ணொன்று ஆணாகும். எனவே ஓர் ஆணுடன் பல பெண்களை விடவேண்டும். தொட்டியும் பெரிதாயிருத்தல் வேண்டும்.

முரட்டு டாம்சல் மீன்களைக் கடைசியிலேயே விடவேண்டும். முன்னரே இடம் பிடித்துக்கொண்டால், பின் வரும் எம்மீனையும் அவை நெருங்க விடா.