காலி பாட்டிலுக்கு 10 ரூபாய்! யானை காலில் குத்தியதால் வந்த திட்டம்

காட்டு யானைக்கு செருப்பு கிடையாது.

ஊட்டிக்கு ஜாலியாகப் போகிறவர்கள் குடித்துவிட்டு ரோட்டு ஓரம் வீசும் பாட்டில் உடைந்தால், அந்தச் சில்லு யானையின் உள்ளங்காலில் ஏறும். பார்க்க மலை மாதிரி இருந்தாலும் யானையின் பாதம் மெத்தென்றுதான் இருக்கும். புண் சீழ் பிடிக்கும். நடக்க முடியாத யானைக்கு தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. அப்புறம் சாவுதான்.

இந்த விவகாரம் சென்னை ஐகோர்ட்டு வரை போனது. வன வழக்குகளை விசாரித்த நீதிபதிகள் 2022-ம் ஆண்டு டாஸ்மாக் நிர்வாகத்தை ஒரு பிடி பிடித்தார்கள். விற்ற பாட்டிலை திரும்ப வாங்க வழி செய்யுங்கள், இல்லாவிட்டால் மலைப் பகுதி மதுக்கடைகளை மூட உத்தரவிட வேண்டி வரும் என்று எச்சரித்தார்கள்.

கடையை மூடுவது என்றால் சும்மாவா? 2003-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில்தான். உடனே வழி பிறந்தது!

அடகு வைத்த பத்து ரூபாய்

2022 மே 15-ந் தேதி நீலகிரி மாவட்டத்தில் திட்டம் தொடங்கியது. பாட்டில் விலையோடு கூடுதலாக ரூ.10 வாங்கிக்கொள்வார்கள். பாட்டிலில் அடையாள ஸ்டிக்கர் இருக்கும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் கைக்கு வரும். பெட்டிக்கடையில் கலர் வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போக பாட்டிலுக்கு டெபாசிட் கட்டிய பழைய ஆட்களுக்கு இது புதுசு அல்ல.

இதில்தான் சூட்சுமம். குடித்தவர் போதையில் வீசிவிட்டுப் போனாலும் கவலை இல்லை. பின்னாலேயே குப்பை பொறுக்குகிறவர் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். பழைய பேப்பர் கடையில் அதற்கு சில்லறைக் காசுதான் தேறும். இங்கே பத்து பாட்டிலுக்கு முழுசாக 100 ரூபாய்! போர்டு வைத்தும் அபராதம் போட்டும் நடக்காத வேலையை ஒரு பத்து ரூபாய் நோட்டு செய்கிறது.

வந்து சேரும் பாட்டில்கள் டெண்டர் எடுத்தவர்களுக்குப் போகும். நல்ல பாட்டிலைக் கழுவி மறுபடி நிரப்பலாம். உடைந்ததை உருக்கலாம். புது மணலை உருக்குவதைவிட பழைய கண்ணாடியை உருக்க சூடு குறைவாகப் போதும். அந்த அளவுக்கு எரிபொருள் மிச்சம்.

எச்சில் பாட்டில் மூட்டை

ஆனால் கடைக்குள் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். ஸ்டிக்கர் ஒட்டுவது, காலி பாட்டிலை எண்ணுவது, சாக்கில் கட்டுவது எல்லாம் விற்பனையாளர், சூப்பர்வைசர் தலையில். பல கடைகள் தீப்பெட்டி சைஸ். சரக்குப் பெட்டி வைக்கவே இடம் இல்லாதபோது எச்சில் பாட்டில் மூட்டையை எங்கே வைப்பது? பொழுது சாய்ந்தால் கவுண்டரில் கூட்டம் முண்டும். ஒருத்தர் குவார்ட்டர் கேட்பார், பக்கத்தில் ஒருத்தர் காலி பாட்டிலை நீட்டுவார். சில்லறைக்கு தகராறு வேறு. தனி ஆளும் தனி இடமும் கொடுங்கள் என்று ஊழியர் சங்கங்கள் கேட்டன. நியாயமான கேள்விதான்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஸ்டிக்கர் இல்லாத பாட்டிலுக்கு காசு கிடையாது. திட்டம் வராத பக்கத்து மாவட்டத்தில் வாங்கி மலைக்குக் கொண்டுவந்த பாட்டிலை எவரும் பொறுக்கமாட்டார். அது காட்டிலேயே கிடக்கும். யானைக்கு மாவட்ட எல்லை தெரியாது. நீலகிரிக்குப் பிறகு கோவை, பெரம்பலூர் என்று திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது.

எம்.ஆர்.பி.க்கு மேல் பத்து ரூபாய் பிடுங்குகிறார்கள் என்று குடிமகன்கள் புலம்புவது பழைய கதை. அந்தப் பத்து வேறு, இந்தப் பத்து வேறு. திட்டம் நடக்கும் ஊரில் கூடுதலாக ரூ.10 கேட்டால், பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பணத்தை நீட்டுவது நல்லது.