மலகன்யாங் கையெழுத்து எதுவரை செல்லும்?

2023 ஆகஸ்ட் 31 அன்று பிலிப்பைன்ஸ் அதிபர் மாளிகையான மலகன்யாங்கிலிருந்து அதிபர் பெர்டினாண்ட் மார்க்கோஸ் ஜூனியரின் 39ஆம் எண் நிர்வாக ஆணை பிறந்தது. சாதாரணமாகத் தீட்டிய அரிசி கிலோ 41 பெசோ, நன்றாகத் தீட்டியது 45 பெசோ. செப்டம்பர் 5 முதல் நாட்டில் எந்தக் கடையிலும் இதற்கு மேல் விற்கக் கூடாது. காங்கிரஸில் விவாதமோ வாக்கெடுப்போ நடக்கவில்லை. கூடுதல் விலைக்கு மூட்டை எடுத்து வைத்திருந்த சில்லறைக் கடைக்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த அரசு ஆளுக்கு 15,000 பெசோ உதவித்தொகை கொடுக்க வேண்டி வந்தது. அக்டோபர் 4ஆம் தேதி உச்சவரம்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு மாத காலம் கோடிக்கணக்கான மக்களின் சோற்று விலையை ஒரு கையெழுத்து தீர்மானித்ததென்றால், அந்த நாட்டில் அதிபர் நினைத்ததுதான் சட்டமா என்ற கேள்வி எழத்தான் செய்யும். இல்லை என்பதே பதில். விலைக்கு உச்சவரம்பு வைக்கும் அதிகாரத்தை 1992ஆம் ஆண்டின் விலைச் சட்டத்தின் வழியே காங்கிரஸ்தான் அதிபருக்குக் கொடுத்திருந்தது. ஆணை அதிபருடையது, அதிகாரம் சட்டத்திலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸின் நிர்வாக ஆணைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம்.

1987 அரசியலமைப்பு நிர்வாக அதிகாரத்தை அதிபரிடம் ஒப்படைக்கிறது. ஏழாம் அத்தியாயத்தின் 17ஆம் பிரிவு எல்லாத் துறைகளையும் அலுவலகங்களையும் அவர் கட்டுப்பாட்டில் வைத்து, சட்டங்கள் ஒழுங்காக நிறைவேற்றப்படுவதை உறுதிசெய்யும் பொறுப்பையும் அவர் தலையில் வைக்கிறது. அதே ஆண்டின் நிர்வாகச் சட்டத் தொகுப்பு அதிபர் பிறப்பிக்கும் ஆணைகளை வகை பிரித்துச் சொல்கிறது. அரசியலமைப்போ சட்டமோ தந்த அதிகாரத்தைச் செயல்படுத்தும் பொதுவான, நிலையான விதிகளுக்குத்தான் ‘நிர்வாக ஆணை’ என்று பெயர். அரசு வேலையின் தனித்தனி அம்சங்களுக்கு ‘அலுவல் ஆணை’ என்ற வேறு வகை உண்டு. ஒரு தேதியை அறிவிக்கப் பிரகடனம் உண்டு. ஆணையின் உடலும் ஏறக்குறைய ஒரே அச்சுதான். முதலில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி இது வருகிறது என்று வரிசையாகச் சொல்லும் முகவுரை, பிறகு விதிகள், அடியில் அதிபரின் கையெழுத்து, அதன் கீழ் நிர்வாகச் செயலரின் கையெழுத்து. பலரும் தாண்டிப் போகும் அந்த முகவுரையில்தான் ஆணையின் உயிர் இருக்கிறது. அங்கே சொல்லத் தகுந்த சட்டம் இல்லையென்றால், விதிகள் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் நீதிமன்றத்தில் நிற்காது.

குழப்பத்துக்குக் காரணம் வரலாறு. 1972இல் ராணுவச் சட்டத்தை அறிவித்த மூத்த மார்க்கோஸ், காங்கிரஸை மூடிவிட்டு 2,000க்கும் மேற்பட்ட அதிபர் கட்டளைகளைப் பிறப்பித்தார். இன்றைய தொழிலாளர் சட்டத் தொகுப்பே 1974இல் வந்த அப்படியொரு கட்டளைதான். அவற்றில் சில மக்கள் கண்ணில் படாமலேயே நடைமுறைக்கு வந்தன. வெளியிடப்படாத சட்டம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று டன்யாதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 1986 மக்கள் எழுச்சிக்குப் பின் அதிபராக வந்த கொரசோன் அக்கினோவிடமும், புதிய காங்கிரஸ் கூடும்வரை சட்டமியற்றும் அதிகாரம் இருந்தது. அவர் தம் சட்டங்களுக்கு வைத்த பெயர் ‘நிர்வாக ஆணை’. திருமணம், பிள்ளைகள் பற்றிய இன்றைய குடும்பச் சட்டம் 1987 ஜூலையில் அவர் கையெழுத்திட்ட 209ஆம் எண் ஆணை. மேலே சொன்ன நிர்வாகச் சட்டத் தொகுப்பும் 292ஆம் எண் ஆணைதான். ஜூலை 25 அன்று கையெழுத்தானது. காங்கிரஸ் கூடியது ஜூலை 27. இரண்டே நாள் தாமதித்திருந்தால் அவருக்கு அந்த அதிகாரமே இருந்திருக்காது! நிர்வாக ஆணையால் ஒரு நாட்டின் குடும்பச் சட்டத்தையே எழுத முடிந்திருக்கிறதே என்று இதைக் காட்டி வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் நிற்காது. அன்று அவர் சட்டமன்றமாகவும் இருந்தார். பின்னால் வந்த எந்த அதிபரும் அப்படி இல்லை. குடும்பச் சட்டத்தில் ஒரு வரியை மாற்ற இன்று அதிபரால் முடியாது, காங்கிரஸால்தான் முடியும்.

எல்லை எங்கே ஓடுகிறது என்பதை அடையாள அட்டையின் கதை துல்லியமாகக் காட்டுகிறது. 1996 டிசம்பரில் அதிபர் ஃபிடல் ராமோஸ் 308ஆம் எண் அலுவல் ஆணை மூலம் குடிமக்கள் அனைவருக்கும் கணினிமயமான தேசிய அடையாள முறையைக் கொண்டுவரப் பார்த்தார். செனட்டர் பிளாஸ் ஓப்லே வழக்குத் தொடுத்தார். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. குடிமகனின் அந்தரங்கத்தைத் தொடும் இப்படியொரு ஏற்பாட்டுக்குச் சட்டம் வேண்டும், அலுவலக நடைமுறையைச் சீர்செய்யும் ஆணை போதாது என்றது. 2005இல் அதிபர் குளோரியா அரோயோ 420ஆம் எண் நிர்வாக ஆணையோடு வந்தார். ஏற்கெனவே அடையாள அட்டை வழங்கிவந்த அரசு அலுவலகங்கள் ஒரே வடிவத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 2006இல் அதே நீதிமன்றம் இதை அனுமதித்தது. தன் கீழ் இருக்கும் அலுவலகங்கள் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று சொல்ல அதிபருக்கு உரிமை உண்டு, நாட்டு மக்கள் மீது புதுக் கடமை சுமத்த உரிமை இல்லை. உண்மையான தேசிய அடையாள முறை 2018இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தோடுதான் பிறந்தது. ராமோஸின் ஆணையிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 22 ஆண்டுகள்.

அதே அரோயோ 2005 செப்டம்பரில் வேறொரு ஆணையில் சறுக்கினார். தம் அனுமதியின்றி உயர் அதிகாரிகள் காங்கிரஸ் விசாரணையில் ஆஜராகக் கூடாது என்ற 464ஆம் எண் ஆணை அது. அடுத்த ஏப்ரலில் நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளைச் செல்லாது என்றது. 2010இல் பெனிக்னோ அக்கினோ தம் முதல் ஆணையிலேயே உண்மை ஆணையம் ஒன்றை அமைத்து, முந்தைய ஆட்சியின் ஊழல்களை விசாரிக்கச் சொன்னார். உண்மையறியும் குழு அமைக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரே ஓர் ஆட்சியை மட்டும் தனியே பிரித்துக் குறிவைப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று அதே ஆண்டு டிசம்பரில் ஆணையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் முழுதாக ஒப்பவில்லை. விசாரணை எங்காவது ஒரு முனையில்தானே தொடங்க முடியும்?

இவ்வளவு கட்டுப்பாடு வைத்தால் நெருக்கடி நேரத்தில் அரசு கைகட்டி நிற்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். கோவிட் காலம் இதற்கு நல்ல சோதனை. ஊரடங்கை வழிநடத்திய தொற்றுநோய்ப் பணிக்குழு, 2014இல் பெனிக்னோ அக்கினோ பிறப்பித்த 168ஆம் எண் ஆணையின் படைப்பு. அலுவலகங்களை ஒருங்கிணைக்க அது போதுமானதாக இருந்தது. நிதி ஒதுக்கீட்டை மாற்றவும் சிறப்பு அதிகாரம் பெறவும் வேண்டியபோது, பலம் பொருந்திய அதிபர் என்று பெயரெடுத்த ரொட்ரிகோ துதெர்தேவே 2020 மார்ச்சில் காங்கிரஸைச் சிறப்புக் கூட்டத்துக்கு அழைத்தார். சில நாட்களில் சட்டம் கிடைத்தது. வேகம் தேவை என்று தெரிந்த இடங்களில் காங்கிரஸ் முன்கூட்டியே அதிகாரத்தைக் கொடுத்தும் வைத்திருக்கிறது. இறக்குமதி வரியை அதிபர் மாற்றலாம், ஆனால் காங்கிரஸ் கூட்டத்தொடர் நடக்காத நாட்களில் மட்டும். அரிசி இறக்குமதி வரியை 35 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்த மார்க்கோஸ் ஜூனியரின் 62ஆம் எண் ஆணை 2024 ஜூன் 20 அன்று வந்தது. ஜூலை மாதக் கூட்டத்தொடர் அப்போது தொடங்கியிருக்கவில்லை. விவசாயிகள் அமைப்புகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயின. நெல் விலை சரிந்த பிறகு, 2025 செப்டம்பர் 1 முதல் 60 நாட்களுக்கு அரிசி இறக்குமதியையே நிறுத்திவைத்து அதே அதிபர் இன்னோர் ஆணை பிறப்பித்தார். வேகத்துக்கு ஒரு விலை உண்டு. இம்முறை அதை நெல் விளைவித்தவர்கள் கொடுத்தார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கீழவையில் பெரும்பாலும் அதிபரின் கூட்டணிக்கே பெரும்பான்மை. அப்படியிருக்க ஆணை என்ன, சட்டம் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்பது. வேறுபாடு ஆயுளில் இருக்கிறது. ஆணையை அடுத்த அதிபர் இன்னோர் ஆணையால் ஒரே நாளில் கலைக்கலாம். மார்க்கோஸ் ஜூனியர் பதவியேற்றவுடன் பிறப்பித்த முதல் ஆணையே, துதெர்தே அமைத்த ஊழல் எதிர்ப்பு ஆணையத்தைக் கலைத்தது. வெளிநாட்டினரை வாடிக்கையாளராகக் கொண்ட இணையச் சூதாட்ட நிறுவனங்களை 2024 நவம்பரில் அவரே 74ஆம் எண் ஆணையால் தடை செய்தார். அதே தடை 2025 அக்டோபரில் சட்டமாகவும் ஆனது. தடை இனி நீங்க வேண்டுமானால் இரு அவைகளிலும் உறுப்பினர்கள் பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும்.

ஆணை சட்டமாகாமல் ஆணையாகவே நின்றுபோன எதிர்ப்பக்கத்துக்கு எடுத்துக்காட்டு தகவல் அறியும் உரிமை. 1987 அரசியலமைப்பே அதைக் குடிமகனின் உரிமை என்கிறது. சட்டம்தான் வரவில்லை. மசோதாக்கள் வந்தன, ஓர் அவையில் நிறைவேறி மற்றதில் தூங்கின. 2016 ஜூலையில் துதெர்தே 2ஆம் எண் ஆணை மூலம் அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தார். அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் ஆணை நிர்வாகத் துறைகளை மட்டுமே கட்டுப்படுத்தும். காங்கிரஸையோ நீதிமன்றங்களையோ தொடாது. எந்தத் தகவலை மறுக்கலாம் என்ற பட்டியலும் மலகன்யாங் மாளிகையின் கையில்தான் இருக்கிறது. அதிபர்கள் அதிகமாக ஆணையிடுகிறார்கள் என்று குறை சொல்லும் காங்கிரஸ் உறுப்பினர்கள், தாங்கள் எழுதாமல் விட்ட சட்டங்களின் இடத்தில்தான் அந்த ஆணைகள் வந்து உட்காருகின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். துதெர்தேவின் ஆணைக்குப் பின் மூன்று காங்கிரஸ்கள் தங்கள் காலத்தை முடித்தன. கடைசியானது 2025 ஜூனில் கலைந்தது; அதுவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றவில்லை.