ஜவ்வாது மலைச் சாகுபடியும் தேனீக்களும்

ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் குடியானவரிடம் தேனீயால் பிரயோஜனம் யாதெனக் கேட்பின், தேனும் மெழுகும் என்றே விடை வரும். சாமையைப் பொறுத்தவரை அவ்விடையில் தவறில்லை. புல்லினத்தைச் சேர்ந்த அப்பயிர் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். ஆனால் அவரது கொல்லையில் படரும் பூசணி, வரப்போரத்துத் துவரை, பேயெள் ஆகியவற்றின் சங்கதி வேறு.

பூசணிக்கு ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூ விடியற்காலையில் மலர்ந்து உச்சிப்பொழுதுக்குள் வாடிவிடும். அதற்குள் ஈக்கள் மகரந்தம் கொணராவிடில் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துபோம். இதனை எருக்குறைவென்று எண்ணி மேலும் எரு இடுவோர் உண்டு, பலன் காணார். பேயெள்ளோ தன் செடியின் மகரந்தத்தை ஏற்காத இயல்புடையது. ஈக்கள் செடிக்குச் செடி சென்றாலன்றி அதில் விதை திரளாது.

தேனீ என்ற ஒரே பெயரால் வழங்குவன பல இனங்களாம். பாறையிலும் உயர்ந்த கிளையிலும் ஒற்றை அடை தொங்கவிடும் மலைத்தேனீ, பொந்தில் பல அடைகள் கட்டும் அடுக்குத்தேனீ, புதரில் சிற்றடை வைக்கும் கொம்புத்தேனீ, கொடுக்கற்ற கொசுத்தேனீ ஆகியவை கூட்டமாய் வாழ்ந்து தேன் சேர்ப்பவை. தனித்து வாழும் ஈக்களும் உண்டு. அவற்றின் உதவி பலராலும் கவனிக்கப்படுவதில்லை. கத்தரிப்பூவின் மகரந்தப்பைக்கு நுனியில் சிறு துளை மாத்திரமே உண்டு. பூவைப் பற்றி அதிரச் செய்தாலன்றி மகரந்தம் தாராளமாய் வெளிப்படாது. அடுக்குத்தேனீக்கு அவ்வித்தை தெரியாது. பட்டமரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும், மண்ணில் வளை தோண்டும் நீலவரி ஈயுமே அதைச் செய்கின்றன.

ஆதலின் பெட்டிகள் வைத்துவிட்டால் போதும் என்பது அரைகுறை எண்ணமே. பாதிரியார் நியூட்டன் 1911 முதல் 1917 வரை திருச்சிராப்பள்ளியில் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்பித்தார். அவர் பெயரால் வழங்கும் பெட்டி இன்றும் உபயோகத்தில் உள்ளது. எனினும் 1991-92இல் புழுக்களைப் பைபோல் உப்பச் செய்து கொல்லும் நச்சுயிரி நோய் பரவி, தென்னிந்தியாவில் பெட்டிக் கூட்டங்களுள் பெரும்பாலானவற்றை அழித்தது. அத்தகைய வேளையில் கொல்லைக்குத் துணை காட்டு ஈக்களே.

கொல்லை சில வாரங்களே பூக்கும். மற்றக் காலத்தில் ஈக்களைப் போஷிப்பவை காட்டிலுள்ள புங்கு, நாவல், புளி, நெல்லி முதலிய மரங்கள். கொசுத்தேனீ சில நூறு கஜத்துக்கு அப்பால் மேயச் செல்வதரிது. அடுக்குத்தேனீயும் பெரும்பாலும் ஒரு மைலுக்குள்ளேயே மேயும். ஆகவே காட்டோரத்தைத் திருத்தி விரிவாக்குவோர், தம் பயிருக்கு உதவும் ஈக்களைத் தாமே தொலைவுக்கு அனுப்புகின்றனர்.

நிலச்சொந்தக்காரர்கள் வரப்பில் ஓரிடத்தையேனும் கொத்தாமலும், வேனிலில் புல்லுக்குத் தீயிடாமலும் விடவேண்டும். பூச்சிமருந்து தெளிப்பது தவிர்க்க முடியாததாயின், பூக்கள் மலர்ந்துள்ள நாட்களில் தெளிக்கலாகாது; அவசரமாயின் பொழுது சாய்ந்தபின் செய்க. கிராம அதிகாரிகள் புறம்போக்கு மரங்களை ஏலமிடுகையில், பொந்துள்ள மரங்களையும் பட்டமரங்களையும் விறகென்று சேர்த்துவிடாமல் விலக்கி வைத்தல் நலம்.

தேன் எடுப்பதிலும் பழைய முறை ஒன்று மாறவேண்டும். தீப்பந்தம் கொண்டு மலைத்தேனீயைப் பொசுக்கி அடை முழுவதையும் வெட்டுவது பெருநஷ்டம். தேன் இருப்பது கிளையை ஒட்டிய தடித்த மேற்பகுதியில். கீழே தொங்குவது புழுக்களும் கூட்டுப்புழுக்களும் உள்ள பாகம். இலேசான புகையிட்டுத் தேன்பகுதியை மாத்திரம் அறுத்தெடுப்பின் கூட்டம் எஞ்சும். பூ உள்ள காலமாயின் அவ்விடத்திலேயே மீண்டும் தேன் சேர்க்கும்.