கிட்டார் பெட்டி: ஒரு பயணக் கணக்கு

பெரம்பலூர் நகருக்கு ரயில் கிடையாது. இங்கிருந்து கிட்டாரோடு கிளம்புகிறவர் முதலில் பஸ் ஏற வேண்டும். அரியலூர் ரயில் நிலையம் சுமார் 30 கி.மீ.; திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய அதற்கு இரு மடங்கு. பெட்டி வாங்குமுன் இந்த வழியைக் கணக்குப் போட்டுவிடலாம்.

கருவி: ட்ரெட்நாட் வகை கிட்டார் நீளம் 104 செ.மீ., அகலம் 40, கனம் 12. எடை சுமார் 2 கிலோ. ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ. மல்லாக்க விழுந்தால் முதலில் முறிவது தலைப்பகுதி.

ஹார்டு கேஸ்: பிளைவுட் அல்லது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், 4 முதல் 5 கிலோ. வெளியளவு தோராயமாக 110 × 44 × 18 செ.மீ. கழுத்துக்கு அடியில் தாங்கல் இருக்க வேண்டும். தலை எதிலும் இடிக்கக் கூடாது. இடைவெளி இருந்தால் பழைய வேட்டியைச் சுருட்டி வைக்கலாம்.

ரயில்: உடன் கொண்டுசெல்லும் பெட்டிக்கு ரயில்வே விதித்த அளவு 100 × 60 × 25 செ.மீ. கேஸ் 10 செ.மீ. மிகை, கேஸ் இல்லாத கிட்டாரே 4 செ.மீ. மிகை. எடையில் சிக்கல் இல்லை: ஸ்லீப்பரில் 40 கிலோ இலவசம்.

விமானம்: கேஸின் மூன்று அளவையும் கூட்டினால் 172 செ.மீ. வழக்கமான வரம்பு 158. எனவே டிக்கெட் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். உள்நாட்டில் பொதுவான 15 கிலோவில் கேஸும் கிட்டாரும் 6.5 போனால், துணிமணிக்கு மிச்சம் 8.5 கிலோ.

உடைந்தால்: உள்நாட்டு விமானத்தில் சாமான் சேதத்துக்கு இழப்பீட்டு உச்சம் ₹20,000. கனடாப் பாடகர் டேவ் கேரலின் கிட்டார் 2008இல் விமானப் பயணத்தில் உடைந்தது. பழுதுபார்க்க 1,200 டாலர். 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று இழப்பீடு மறுக்கப்பட்டது. விமான நிலையத்திலேயே திறந்து பாருங்கள்.

செலவு: கேஸ் ₹8,000 என்று வைப்போம். ஆண்டுக்கு இருமுறை போய்வந்தால் ஐந்தாண்டில் 20 விமான ஏற்றம், தலா ₹400. ஒரே ஒருமுறை போய்வந்தால் தலா ₹4,000.

தீர்ப்பு: பஸ், ரயில் மட்டும், கிட்டாரும் கையைவிட்டுப் போகாது என்றால் தடித்த பஞ்சுப் பை போதும். சரக்கறைக்குப் போகிற கிட்டாருக்கு ஹார்டு கேஸ் வாங்குங்கள், கம்பிகளையும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.