தோலைப் பதமாக்கிய ஆவாரம்பட்டை

ஆவாரம்பூ என்றதும் இன்று பலருக்கு நாட்டு மருந்துக் கடைப் பொடியும் ஆவாரம்பூத் தேநீரும்தான் நினைவுக்கு வரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்துப் பழைய தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பூவைப் பற்றிக் கவலை இருந்ததில்லை. அவற்றுக்கு வேண்டியிருந்தது பட்டை.

காய்ந்த பட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டானின் என்னும் துவர்ப்புப் பொருள். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரும் சவ்வும் நீக்கி, பட்டை ஊறிய சாற்றில் போடுவார்கள். முதலில் நீர்த்த சாறு, பிறகு படிப்படியாகக் கெட்டிச் சாறு. அவசரப்பட்டுக் கெட்டிச் சாற்றிலேயே முதலில் போட்டால் மேற்புறம் இறுகிவிடும், உள்ளே பச்சையாகவே நிற்கும். டானின் மெல்ல உள்ளே இறங்கிக் கொலாஜன் புரத இழைகளைப் பற்றிக்கொண்ட பிறகு தோல் அழுகாது. இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஒரு குறை உண்டு. ஆவாரையில் பதமான தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். அதனால் கடைசியில் கடுக்காய்ச் சாற்றிலும் ஒருமுறை ஊறவைப்பார்கள். இப்படித் தயாரான மதராஸ் தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலானதும் அதுதான்.

பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. டானின் அதிகம்; தோட்டப்பயிர் என்பதால் தட்டுப்பாடும் குறைவு. காடுமேட்டில் வெட்டிச் சேர்க்கும் ஆவாரை அதோடு போட்டியிட முடியவில்லை. அடுத்து வந்த குரோமியம் வாரக்கணக்கான வேலையை ஓரிரு நாளில் முடித்தது. ஆனால் அதன் கழிவுநீரால் பாலாறு கொடுத்த விலை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது.

ஆவாரைச் செடியின் அறிவியல் பெயர் செனா ஆரிகுலேட்டா. பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் நுனியில் மட்டும் துளையுள்ள மகரந்தப் பைக்குள் அடைபட்டிருக்கும். தச்சுவண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்தால், அந்த அதிர்வில் பொடி கொட்டும். போகியன்று பல ஊர்களில் பூளைப்பூ, வேப்பிலையோடு வீட்டு இறவாணத்தில் ஆவாரம்பூவையும் காப்பாகச் செருகுகிறார்கள். தெலங்கானாவுக்கோ இது மாநில மலர். பதுக்கம்மா பண்டிகையின் மலரடுக்குகளில் முதலிடம் இதற்குத்தான்.

வளர்ப்பது எளிது. செம்மண்ணும் சரளையும் போதும். விதைத்தோல் கடினமானது என்பதால் மணலில் தேய்த்தோ வெந்நீரில் ஊறவைத்தோ மழைக்கு முன் விதைக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் பட்டை தேறும். தரையை ஒட்டி வெட்டினாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.