நீலக்கல் பதக்கத்தில் நிறத் தரத்தை மதிப்பிடுதல்

நீலக்கல் அல்லது நீலம் (சஃபையர்) என்பது குருந்தம் என்னும் கனிமத்தின் நீல நிற வகையாகும். நவரத்தினங்களுள் ஒன்றான இக்கல் மோதிரம், தோடு ஆகியவற்றில் மட்டுமன்றி, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பதக்கத்திலும் பதிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இப்பதக்கத்தை டாலர் என்பர்.

நீலக்கல்லின் விலையைத் தீர்மானிக்கும் கூறுகளுள் முதன்மையானது நிறம். ஒரே எடையும் ஒரே வடிவமும் கொண்ட இரண்டு கற்களின் விலை, நிறத்தின் தரத்தாலும் அந்நிறம் உருவான முறையாலும் பல மடங்கு வேறுபடலாம். எனவே வாங்குபவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதலாவது, கல்லின் நிறம் எவ்வளவு நல்லது என்பது. இரண்டாவது, அந்நிறம் எப்படி வந்தது என்பது. முதற் கேள்விக்குப் பழகிய கண்ணும் சரியான ஒளியும் போதுமானவை. இரண்டாவது கேள்விக்கு ஆய்வகச் சோதனை தேவைப்படுகின்றது.

நிறம் தோன்றும் முறை

தூய குருந்தம் அலுமினியம் ஆக்சைடால் ஆனது. அதற்கு நிறம் இல்லை. படிகம் வளரும்போது மிகச் சிறிய அளவில் இரும்பும் டைட்டேனியமும் அதனுள் சேர்ந்தால், அவ்விரண்டுக்கும் இடையே இலத்திரன் இடம்பெயர்ந்து, ஒளியின் மஞ்சள், சிவப்புப் பகுதிகள் உட்கவரப்படுகின்றன. எஞ்சிய நீலமே கண்ணுக்குத் தெரிகின்றது. இதே குருந்தத்தில் குரோமியம் சேர்ந்தால் சிவப்பு நிற மாணிக்கம் உருவாகின்றது.

இரும்பின் அளவு கூடும்போது கல் கருமையாகவும் சில வேளைகளில் பச்சை கலந்ததாகவும் தோன்றும். ஆஸ்திரேலியா, தாய்லாந்து முதலிய நாடுகளில் எரிமலைப் பாறைகளோடு தொடர்புடைய இடங்களில் கிடைக்கும் பல கற்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் கிடைக்கும் கற்களில் பொதுவாக இரும்பு குறைவு என்பதால், அவை வெளிச்சமான நீலமாக இருக்கின்றன.

நிறத்தின் மூன்று கூறுகள்

இரத்தினவியலாளர் நிறத்தை மூன்று கூறுகளாகப் பிரித்து மதிப்பிடுகின்றனர்.

நிறச்சாயல்: கல்லின் அடிப்படை நிறம் எது, அதனுடன் வேறு எந்த நிறம் கலந்துள்ளது என்பதை இது குறிக்கின்றது. தூய நீலமும் சற்றே ஊதா கலந்த நீலமும் உயர்வாக மதிக்கப்படுகின்றன. பச்சை கலப்பது விலையைக் குறைக்கும்.

தொனி: கல் எவ்வளவு வெளிர் அல்லது எவ்வளவு கருமை என்பதை இது குறிக்கின்றது. நடுத்தரம் முதல் சற்றே அடர்ந்த தொனி வரை சிறந்ததாகக் கொள்ளப்படுகின்றது. அடர்ந்த நிறமே உயர்ந்தது என்ற எண்ணம் வாங்குபவரிடம் பரவலாக உள்ளது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் அடர்ந்த கல், வெளிச்சம் குறைந்த இடத்தில் கறுப்பாகவே தெரியும்.

நிறச்செறிவு: நீலம் எவ்வளவு தூய்மையாகவும் உயிர்ப்பாகவும் உள்ளது என்பதை இது குறிக்கின்றது. செறிவு குறைந்த நீலத்தில் சாம்பல் நிறம் கலந்தது போன்ற மங்கல் காணப்படும். மூன்று கூறுகளுள் பழகாத கண் தவறவிடுவது பெரும்பாலும் இதையே. இரண்டு கற்களை அருகருகே வைத்துப் பார்த்தால், தனியாகப் பார்த்தபோது தெரியாத சாம்பல் கலப்பு எளிதில் புலப்படும்.

வெட்டும் நிறப் பரவலும்

நீலக்கல் இருநிறத் தன்மை உடையது. படிகத்தின் அச்சுத் திசையில் பார்த்தால் ஊதா கலந்த நீலமும், குறுக்குத் திசையில் பார்த்தால் பச்சை கலந்த நீலமும் தெரியும். நல்ல கைவினைஞர், ஊதா சார்ந்த நீலம் மேல்முகத்தில் தெரியுமாறு கல்லைத் திருப்பி வெட்டுவார். எடை குறையக் கூடாது என்பதற்காக வேறு திசையில் வெட்டினால், அதே கல் தரம் குறைந்த நிறத்தைக் காட்டும்.

இக்கல்லில் நிறம் சீராகப் பரவாமல், கோணப் பட்டைகளாக அமைவதும் வழக்கம். இலங்கைக் கற்கள் சிலவற்றில் நிறம் முழுவதும் அடிமுனை அருகே மட்டுமே இருக்கும். அங்கிருந்து எதிரொளித்து வரும் ஒளி கல் முழுவதையும் நீலமாகக் காட்டும். மேலிருந்து பார்க்கும் அழகுக்கு இது பெரிய குறை அல்ல. ஆனால் கல்லைச் சாய்க்கும்போது வெளிறிய திட்டு தெரிந்தால் அது மதிப்பைக் குறைக்கும். இதைக் கண்டறிய, கல்லை வெள்ளைத் தாள் மேல் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்ப்பது எளிய வழி.

வெட்டின் ஆழமும் நிறத்தைப் பாதிக்கின்றது. அடிப்பகுதி தட்டையாக இருந்தால் ஒளி எதிரொளிக்காமல் நேரே கீழே போய்விடும். நடுவில் வெளிறிய சாளரம் போன்ற பகுதி தோன்றும். அச்சிட்ட தாளின் மேல் கல்லை வைத்து மேலிருந்து பார்க்கும்போது எழுத்துக்கள் தெரிந்தால் இக்குறை உண்டு என அறியலாம். மாறாக, எடையைக் காப்பதற்காக அடிப்பகுதி பருமனாக விடப்பட்ட கற்களும் உள்ளன. கல்லின் விலை கேரட் கணக்கில் (1 கேரட் = 0.2 கிராம்) கூறப்படுவதால், மேலிருந்து பார்க்கையில் எந்தப் பயனும் தராத அந்தப் பருமனுக்கும் வாங்குபவர் பணம் கொடுக்க நேர்கின்றது.

ஒளியும் சுற்றுப்புறமும்

கடையில் காணும் நிறத்துக்கும் வீட்டில் காணும் நிறத்துக்கும் வேறுபாடு ஏற்பட ஒளியே முதற் காரணம். நகைக்கடைகளில் கல்லின் மேல் குவியும் பிரகாசமான விளக்குகள், கருமையான கல்லையும் மின்னச் செய்யும். மஞ்சள் சார்ந்த இழை விளக்கொளியில் நீலம் குறைவு என்பதால், பல நீலக்கற்கள் அங்கு மங்கலாகவோ ஊதாவாகவோ தெரியும். நேரடி வெயில் படாத பகல் ஒளி, ஒப்பிடுவதற்கு ஏற்றது. வாசலருகே பகல் ஒளியிலும், கடைக்குள் சாதாரண வீட்டு விளக்கொளியிலும், வெளிச்சம் குறைந்த மூலையிலும் என மூன்று இடங்களில் ஒரே கல்லைப் பார்ப்பது நல்லது. மூன்றிலும் நீலமாகவே தெரியும் கல் சிறந்தது.

கல்லுக்குப் பின்னால் உள்ள நிறமும் கண்ணை ஏமாற்றும். நீலத் துணியின் மேல் வைத்த வெளிர் கல் அடர்ந்து தெரியக்கூடும். ஆகவே வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறத் தாளின் மேல் வைத்தே பார்க்க வேண்டும். தொடர்ந்து பல நீலக்கற்களைப் பார்த்தால் கண் அந்நிறத்துக்குப் பழகிவிடுவதால், அடுத்து வரும் கல்லின் நிறம் குறைவாகத் தோன்றும். இடையிடையே சில நிமிடம் வெள்ளைச் சுவரைப் பார்ப்பது கண்ணை மீண்டும் சீராக்கும்.

பதக்கத்தில் பதித்த கல்

பதக்கத்தில் உள்ள கல் பிறர் பார்வைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில், செங்குத்தாகத் தொங்கும் நிலையில் தெரிகின்றது. அதன் மேல் ஒளி பெரும்பாலும் மேலிருந்து விழுகின்றது. தட்டில் கிடத்தி, நேர் மேலே விளக்கு எரிய, கண்ணருகே வைத்துப் பார்ப்பது இந்நிலைக்கு முற்றிலும் மாறானது. கண்ணருகே ஆழ்ந்த நீலமாகத் தெரிந்த கல், கழுத்தில் தொங்கும்போது கரும்புள்ளியாக மாறுவது இதனால்தான். பதக்கத்தை ஒருவர் அணிந்துகொள்ள, மற்றவர் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதே பொருத்தமான சோதனை. மோதிரத்துக்குத் தேர்வு செய்வதைவிடச் சற்றே வெளிச்சமான தொனி பதக்கத்தில் நன்றாக விளங்குவது உண்டு.

பதிக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. பின்புறம் மூடிய பதிப்பில், கல்லுக்கு அடியில் நிறத் தகடோ வண்ணப் பூச்சோ இருக்கலாம். பழைய பாணி நகைகளில் ஒளியைக் கூட்டுவதற்காகத் தகடு வைப்பது அறியப்பட்ட வழக்கமே. ஆனால் விலையுயர்ந்த கல் என்று விற்கப்படும் பதக்கத்தில், பின்புறம் மூடியிருந்தால் கல்லின் உண்மையான நிறத்தை மதிப்பிட இயலாது. கொக்கிகளால் பிடிக்கப்பட்டுப் பின்புறம் திறந்த பதிப்பு, கல்லை எல்லாப் பக்கமும் பார்க்க இடம் தருகின்றது. மஞ்சள் தங்கத்தின் எதிரொளி வெளிர் நீலக்கல்லின் நிறத்தைச் சற்றுப் பாதிக்கும். வெள்ளைத் தங்கமும் பிளாட்டினமும் அவ்வாறு செய்வதில்லை.

பதக்கத்தில் அமைந்த புகழ்பெற்ற நீலக்கற்களுள் ஒன்று பிஸ்மார்க் நீலக்கல் ஆகும். 98.57 கேரட் எடையுள்ள இக்கல், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கழுத்தணியின் நடுக்கல்லாகக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

நிறம் வந்த வழி

சந்தையில் உள்ள நீலக்கற்களில் பெரும்பாலானவை நிறத்தை மேம்படுத்துவதற்காக வெப்பமூட்டப்பட்டவை. இலங்கையில் கெவுட என அழைக்கப்படும் பால்போன்ற வெளிறிய குருந்தம் முன்பு மதிப்பற்றதாகக் கருதப்பட்டது. 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை வாங்கிச் சென்று உயர் வெப்பத்தில் சூடாக்கி, நல்ல நீலக்கற்களாக மாற்றினர். கல்லினுள் இருக்கும் பட்டிழை போன்ற ரூட்டைல் ஊசிகள் வெப்பத்தில் கரைந்து, அவற்றின் டைட்டேனியம் இரும்புடன் சேர்வதால் நீலம் உண்டாகின்றது. இம்மாற்றம் நிலையானது, நிறம் மங்குவதில்லை. வெப்பமூட்டலைச் சொல்லி விற்றால் அது ஏமாற்று அல்ல. ஆனால் அதே தரத்தில் வெப்பமூட்டப்படாத கல் அரிதானது என்பதால் அதன் விலை மிக அதிகம்.

வெளியிலிருந்து தனிமங்களைக் கல்லுக்குள் ஊடுருவச் செய்யும் முறைகள் வேறு வகையானவை. டைட்டேனியம் ஊடுருவலில் நீலம் மேற்பரப்பில் மெல்லிய அடுக்காக மட்டுமே அமைகின்றது. மறுபடி மெருகேற்றினால் நிறம் போய்விடக்கூடும். 2000களின் தொடக்கத்தில் பரவலாகத் தெரியவந்த பெரிலியம் ஊடுருவல் கல்லின் ஆழம் வரை செல்வதால், அதைக் கண்டறிய உயர்நிலைக் கருவிகள் தேவை. வெடிப்புகளில் கோபால்ட் கலந்த கண்ணாடி நிரப்பப்பட்ட கற்களும் விற்பனையில் உள்ளன. இவற்றின் மதிப்பு மிகக் குறைவு. நகையைப் பழுதுபார்க்கும்போது படும் வெப்பத்தாலும் அமிலத்தாலும் அவை கெட்டுவிடும்.

செயற்கை நீலக்கல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தயாரிக்கப்படுகின்றது. அதன் வேதியியல் அமைப்பு இயற்கைக் கல்லுடையதே. உருப்பெருக்கியில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் வாயுக் குமிழ்களும் தென்பட்டால் அது சுடர் முறையில் செய்யப்பட்டது என அறியலாம். மிகச் சீரான நிறமும் குறையே இல்லாத தெளிவும் பெரிய கல்லில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் ஐயம் கொள்வதே தகும். தான்சனைட்டு, அயோலைட்டு, நீல ஸ்பினல் ஆகிய இயற்கைக் கற்களும் நீலக்கல்லை ஒத்த தோற்றம் உடையவை.

வணிகப் பெயர்கள்

அரச நீலம் என்பது அடர்ந்து செறிந்த நீலத்தையும், சோளப்பூ நீலம் என்பது அதைவிடச் சற்று வெளிர்ந்த மென்மையான நீலத்தையும் குறிக்கும் வணிகப் பெயர்கள். சோளப்பூ என்பது இங்கு ஐரோப்பிய வயல்களில் பூக்கும் நீலப் பூவைக் குறிக்கின்றது. சோளப் பயிரின் பூவை அன்று. இப்பெயர்களின் எல்லை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுபடும்.

காஷ்மீர் நீலம் என்னும் சொல் அதிகக் குழப்பம் தருவது. 1880களில் இமயமலையின் பாடர் பகுதியில் எடுக்கப்பட்ட கற்கள், வெல்வெட்டுத் துணி போன்ற மென்மையான நீலத்துக்குப் பெயர் பெற்றவை. முதன்மைச் சுரங்கம் சில ஆண்டுகளிலேயே வற்றியதால் அவை இன்று மிக அரியவை. விற்பவர் காஷ்மீர் நிறம் என்று கூறினால், அது நிறத்தின் வருணனை மட்டுமே. காஷ்மீரில் எடுக்கப்பட்டது என்பது வேறு கூற்று. அதற்குத் தனிச் சான்று வேண்டும். சிலோன் என்ற பெயரும் இவ்வாறே தளர்வாகப் பயன்படுகின்றது. மடகாஸ்கரில் கிடைக்கும் பல கற்கள் இலங்கைக் கற்களைப் போலவே தோன்றுகின்றன.

ஆய்வகச் சான்றிதழ்

அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம், சுவிட்சர்லாந்தின் கியூபெலின் ஆய்வகம் முதலியவை நீலக்கற்களைச் சோதித்துச் சான்றிதழ் அளிக்கின்றன. இலங்கையில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை சோதனை வசதி வழங்குகின்றது. கல்லின் வகை, இயற்கையா செயற்கையா என்பது, எடை, அளவுகள், நிறம், வெப்பமூட்டல் முதலிய செயற்பாடுகள் ஆகியவை சான்றிதழில் இடம்பெறும். கேட்டுக்கொண்டால் சில ஆய்வகங்கள் தோன்றிய நாடு பற்றிய கருத்தையும் தரும். விலை அதில் இடம்பெறாது. விற்பவரே எழுதித் தரும் உத்தரவாதச் சீட்டு, ஆய்வகச் சான்றிதழுக்கு ஈடாகாது.

பதித்த கல்லை எடைபோட இயலாது என்பதால் அதன் எடை கணிப்பாகவே குறிக்கப்படும். சில சோதனைகளும் முழுமையாக அமையா. ஆகவே பெருந்தொகை கொடுக்கும்போது, கல்லைத் தனியாகச் சோதித்த பின் பதக்கத்தில் பதிப்பதே பாதுகாப்பானது.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

1. கல்லைப் பகல் ஒளி, வீட்டு விளக்கொளி, குறைந்த வெளிச்சம் ஆகிய மூன்றிலும் வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்த்தல்.

2. ஒத்த அளவுள்ள இரண்டு அல்லது மூன்று கற்களுடன் அருகருகே ஒப்பிடுதல்.

3. மேல்முகத்தில் சாளரம், கரும்பகுதி, வெளிறிய திட்டு ஆகியவை உள்ளனவா எனச் சாய்த்துப் பார்த்தல்.

4. பதக்கத்தை அணிந்த நிலையில் தொலைவிலிருந்து பார்த்தல். பின்புறம் திறந்துள்ளதா எனக் கவனித்தல்.

5. வெப்பமூட்டல், ஊடுருவல், நிரப்பல் பற்றி நேரடியாகக் கேட்டு, விடையை விற்பனைச் சீட்டில் எழுதி வாங்குதல்.

6. சான்றிதழில் உள்ள எடையும் அளவுகளும் கையில் உள்ள கல்லுக்குப் பொருந்துகின்றனவா எனவும், சான்றிதழ் எண் ஆய்வகத்தின் பதிவில் உள்ளதா எனவும் சரிபார்த்தல்.

7. சுயேச்சையான ஆய்வகத்தில் சோதித்து, முடிவு மாறுபட்டால் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை முன்கூட்டியே உறுதி செய்தல்.