நிறம் பாராமையும் முகம் பாராமையும்

சென்ற தவணையிற் பாடசாலையொன்றின் தமிழ் மன்றத்தார் நடாத்திய விவாத அரங்கிற்கு நடுவராக அமரும் பேறு எனக்குக் கிட்டியது. "அமெரிக்க அரசாங்கப் பாடசாலைகளில் நிறம் பாராமையே நீதி" என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். உயர்தர வகுப்பு மாணாக்கர் இரு சாராரும் நன்கு படித்து வந்திருந்தனர். 1963 ஆகஸ்ற் 28ஆம் நாள் மாட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் ஆற்றிய பேருரையை இரு கட்சியாரும் தத்தமக்குச் சான்றாக எடுத்தாண்டமை எனக்கு வியப்பளித்தது. தோலின் நிறத்தாலன்றிக் குணத்தால் மனிதர் மதிக்கப்படும் நாளை அவர் கனவு கண்டார் என்றது ஒரு கட்சி. அந்த நாளை அடையும் வரை, நெடுங்காலம் ஒடுக்கப்பட்டோர்க்குத் தனிக் கவனிப்பு வேண்டுமென்று அடுத்த ஆண்டே நூலெழுதியவரும் அவரே என்றது மறு கட்சி. இரண்டும் மெய். புள்ளிகளைக் கூட்டித் தீர்ப்புச் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். ஆனால் அந்த வினா என்னை விட்டபாடில்லை.

'நிறம் பாராமை' என்னும் இத்தொடர் எங்கே பிறந்தது? 1892ஆம் ஆண்டு நியூ ஓர்லியன்ஸ் நகரத்துச் செருப்புத் தொழிலாளியான ஹோமர் பிளெசி என்பவர், வெள்ளையர்க்கென ஒதுக்கிய புகையிரதப் பெட்டியில் ஏறி அமர்ந்தார். அவருடைய முன்னோரில் எட்டில் ஏழு பங்கினர் வெள்ளையர். எஞ்சிய ஒரு பங்கே அவரைக் கைதாக்கப் போதுமாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1896இல் நீதியரசர் எழுவர், பிரித்து வைத்தாலும் சமமாக நடத்துவதாயின் அரசியலமைப்புக்கு அது முரணன்று என்றனர். ஒருவர் மட்டும் மறுத்தெழுதினார். அவர் ஜோன் மார்ஷல் ஹார்லன். எமது அரசியலமைப்பு நிறம் அறியாதது, குடிமக்களுள் வகுப்பு எதனையும் அது ஏற்பதில்லை என்பது அவர் கொள்கை.

ஹார்லன் கென்ரக்கி மாநிலத்தில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்திற் பிறந்தவர். அத்தகையவர் தனித்து நின்று இவ்வாறு எழுதியமை போற்றத்தக்கதே. ஆயினும், அதே மறுப்புரையில் வெள்ளையினமே அந்நாட்டில் மேலோங்கிய இனமென்றும், இனியும் அவ்வாறே இருக்குமென்றும் அவர் எழுதியுள்ளார். சீனரைப் பற்றி அதிற் காணப்படும் சொற்களும் இனியனவல்ல. நிறம் பாராத சட்டமும் நிறத்தால் அடுக்கப்பட்ட சமுதாயமும் ஒருங்கே நிலவலாம் என அவர் எண்ணினார் போலும். இன்றைய விவாதத்தின் முடிச்சு முழுவதும் அந்த ஒரே ஏட்டில் இருக்கிறது.

ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1954 மே 17ஆம் நாள், பிறவுண் வழக்கில், பாடசாலைகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு முரணானதென நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமித்துத் தீர்த்தனர். அவ்வழக்கில் முன்வைக்கப்பட்ட சான்றுகளுள் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியலறிஞர் தம்பதியரின் பொம்மைச் சோதனையும் ஒன்று. நிறத்தால் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினச் சிறுவர் முன் வைத்து, நல்லது எது, கெட்டது எது என்று கேட்டனர். சிறுவரிற் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்றனர். உன்னைப் போன்ற பொம்மை எது என்று இறுதியிற் கேட்டபோது சில குழந்தைகள் அழுதனர். நிறம் பாராத நீதியை நிலைநாட்ட வந்த மன்றமும் நிறம் குழந்தையின் நெஞ்சில் விளைத்த புண்ணைப் பார்த்த பின்னரே தீர்ப்பெழுதிற்று.

பிறவுண் வழக்கில் இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளுள் ஒன்று வேர்ஜினியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வேட் மாவட்டத்திலிருந்து வந்தது. அங்கே கறுப்பின மாணவருக்கான உயர்நிலைப் பாடசாலையில் இடம் போதாமையாற் தார்த் தாள் போர்த்த கொட்டில்களில் வகுப்புகள் நடந்தன. 1951இல் பாபரா ஜோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி தன் தோழரைத் திரட்டி வகுப்புப் பகிஷ்காரம் செய்தாள். அதிலிருந்து எழுந்ததே அவ்வழக்கு. தீர்ப்பு வந்த பின் மாவட்டத்தார் செய்ததை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது. பிள்ளைகளைச் சேர்த்து வைக்க மனமின்றி, 1959இல் மாவட்டத்தின் அரசாங்கப் பாடசாலைகள் யாவற்றையும் மூடிவிட்டனர். வெள்ளையர் பிள்ளைகள் தமக்கென அமைந்த தனியார் பாடசாலைக்குச் சென்றனர். கறுப்பினப் பிள்ளைகளிற் பலர் 1964 வரை, ஐந்து ஆண்டுகள், எழுத்தறியாது வீதியில் நின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மூடல் ஒரு நிறத்தாருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடசாலை மூடப்பட்டது. ஏட்டளவில் அது நிறம் பாராத செயல்! எல்லாரையும் ஒன்றுபோல் நடத்துவதாகக் காட்டிக்கொண்டே நிறத்தின் பொருட்டுத் தீங்கு செய்ய முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. தென் மாநிலங்கள் பிறவற்றிலும், பாடசாலைகள் ஒன்றாக்கப்பட்டபோது கறுப்பினப் பாடசாலைகளே பெரும்பாலும் மூடப்பட்டன. அவற்றிற் கற்பித்த ஆசிரியர்களும் அதிபர்களும் பல்லாயிரக் கணக்கில் வேலையிழந்தனர். மாணவர் ஒன்றுசேர்ந்தனர், அவர்களை அறிந்த ஆசிரியர் வெளியேறினர்.

இனி, அண்மைக்கால வழக்கொன்று. சியாற்றில், லூயிவில் ஆகிய இரு நகரங்களின் கல்விச் சபைகள், பாடசாலைகள் மீண்டும் இனவாரியாகப் பிரிந்துவிடாதிருக்க, அனுமதியில் மாணவரின் இனத்தையும் ஓரளவு கணக்கிலெடுத்தன. லூயிவில் ஹார்லனின் கென்ரக்கியைச் சேர்ந்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் இத்திட்டங்களைத் தள்ளியது. இனத்தால் வேறுபாடு காட்டுவதை ஒழிக்கும் வழி, இனத்தால் வேறுபாடு காட்டாமல் விடுவதே என்றார் பிரதம நீதியரசர் றொபேட்ஸ். அவரோடு நின்ற ஐந்தாமவரான கெனடியோ, இனத்தை ஒருபோதும் எண்ணிப் பார்க்கலாகாது என்னும் அளவுக்குத் தாம் வரவில்லையெனத் தனியே எழுதினார். 2023இல் பல்கலைக்கழக அனுமதியிலும் இனம் பார்ப்பது தடுக்கப்பட்டது. சட்டத்தில் இனம் பொருட்டன்று என்பதால் வாழ்க்கையிலும் அது பொருட்டற்றதாகிவிடாது என்று நீதியரசர் ஜாக்சன் அப்போது மறுத்தெழுதினார்.

செயலைப் பற்றிய வழக்கு இவ்வாறிருக்க, சொல்லைப் பற்றிய வழக்கும் உண்டு. 'பொலிற்றிக்கல் கரெக்ற்னெஸ்' என்று அங்கே சொல்லப்படுவதைச் சொல்லொழுக்கம் என நாம் தமிழில் வழங்கலாம். 1991இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஜனாதிபதி புஷ் (மூத்தவர்) இதனைக் கண்டித்துப் பேசினார். அதன் பின் இச்சொற்றொடர் பட்டி தொட்டியெங்கும் பரவிற்று. 2011இல் மார்க் ருவெயினின் 'ஹக்கிள்பெரி பின்' நாவலுக்கு ஒரு புதிய பதிப்பு வந்தது. கறுப்பினத்தாரை இழித்துரைக்கும் ஒரு சொல் அந்நூலில் 219 இடங்களில் வருகிறது. பதிப்பாசிரியர் அதனை நீக்கி 'அடிமை' என்னும் சொல்லைப் பெய்தார். இலக்கியவாதிகள் கொதித்தெழுந்தனர். நானும் இலக்கிய மாணவன். ஓர் ஆசிரியன் எழுதியதைத் திருத்த எமக்கு உரிமையில்லை என்றே முதலில் எண்ணினேன். ஆனால் வகுப்பிற் தன்னந்தனியாக இருக்கும் ஒரு கறுப்பினச் சிறுவனை நினைத்துப் பாருங்கள். அச்சொல் உரத்து வாசிக்கப்படும் ஒவ்வொரு முறையும் முப்பது தலைகள் அவன் பக்கம் திரும்புகின்றன. நூலைத் திருத்த வேண்டாம். ஆயினும் அவனை எண்ணிப் பார்க்காமல் அந்நூலைக் கற்பிப்பவன் ஆசிரியனல்லன்.

சொல்லை மறைப்பது போலவே வரலாற்றை மறைக்கும் முயற்சியும் நிகழ்கிறது. 2021 முதலாக ரெனசி, ரெக்சஸ் முதலிய மாநிலங்கள், இனத்தைப் பற்றிப் பாடசாலையில் எவ்வாறு பேசலாம் என்பதற்கு வரம்பு கட்டும் சட்டங்களை இயற்றின. எந்தப் பிள்ளையும் தன் இனத்தின் பொருட்டுக் குற்றவுணர்வு கொள்ளலாகாது என்பது அவற்றின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. பிறந்த இனத்துக்காக ஒரு குழந்தையைக் குற்றவாளியாக்குவது தவறென்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பாபரா ஜோன்ஸின் கதையைச் சொல்லத் தயங்கும் வகுப்பறை எந்தக் குழந்தையைக் காப்பாற்றுகிறது?

இவ்வளவு சொன்னதால், நிறம் பாராமை என்னும் கொள்கையை நான் எள்ளுகிறேன் என எவரும் கொள்ளலாகாது. அரசு மனிதரை இனமாக எண்ணத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை ஈழத்துத் தமிழ் ஆசிரியனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தபோது, தமிழ்மொழி மூலம் தோற்றியவர் கூடிய புள்ளி பெறவேண்டியிருந்தது. 'எழுதியவன் யாரென்று பாராதே, எழுதியதைப் பார்' என்று அன்று நாம் முறையிட்டோம். அம்முறையீடு நியாயமானது. ஹார்லனின் குரல் எமக்கு அந்நியமானதன்று.

ஆனால் எனக்கு வேறொரு நினைவும் உண்டு. ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், வடபகுதிக் கிராமமொன்றிற் கற்பித்தேன். 'என் வகுப்பிற் சாதியில்லை. எல்லாரும் என் பிள்ளைகள்' என்று பெருமையோடு சொல்லிக்கொள்வேன். புள்ளியிடுகையில் ஒருபோதும் பெயர் பார்த்ததில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின், கொழும்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். அன்போடு கைபற்றி உரையாடினார். விடைபெறும் வேளையிற் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"சேர், நீங்கள் நல்லவர். எங்களுக்கு ஒருநாளும் குறைச்சுப் புள்ளி போடேல்லை. ஆனா இடைவேளையில நானும் தம்பியும் கிணத்தடியில வாளியைத் தொடாமல், ஆரும் வந்து வாக்கும் மட்டும் கையை ஏந்திக்கொண்டு நிண்டதை நீங்கள் காணேல்லையோ?"

நான் காணவில்லை. அந்தக் கிணறு என் வகுப்பறையின் யன்னலுக்கு நேரே இருந்தது. தினந்தோறும் அதனைப் பார்த்துக்கொண்டுதான் பாடம் நடத்தினேன். சாதி பார்ப்பதில்லை என்று நான் பூண்ட விரதம், சாதி நிகழ்வதையும் பாராதிருக்க எனக்குப் பழக்கிவிட்டது. அவருக்கு நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பது நினைவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

எனவே அன்றைய விவாதத்திற்கு நான் சொல்ல மறந்த தீர்ப்பை இன்று சொல்கிறேன். விடைத்தாளைத் திருத்தும் கைக்கு நிறம் தெரியலாகாது, சாதியும் தெரியலாகாது. ஆனால் இடைவேளையில் யன்னலருகே நிற்கும் ஆசிரியனின் கண்ணுக்கு எல்லாம் தெரிய வேண்டும். யார் தண்ணீருக்குக் காத்து நிற்கிறார், எவர் தனித்து உண்கிறார், எந்தச் சொல் கேட்டு எந்த முகம் வாடுகிறது என்பதையெல்லாம் அவன் கண்டாக வேண்டும். கண்டபின் எழுந்து கிணற்றடிக்குப் போகவும் வேண்டும். அதை நான் செய்யவில்லை.

அம்மன்றத்து மாணவர் பலர் ஆசிரியராகும் ஆவலுடையவர் என்று அறிந்தேன். அவர்கள் யன்னற் பக்கமும் பார்க்கட்டும்.